கல்லிடைக்குறிச்சிக்குச் சத்தமில்லாமல்

எங்கள் காருக்கு ஹாரன் தேவையில்லை. பின்சீட்டுக்கு அடியில், பெட்ரோல் டேங்குக்குள் இருக்கும் பம்ப்பே போதும். சாவியைத் திருப்பியதும் 'ஙீ' என்று ஆரம்பிக்கும். ஒன்றும் போடாமல் மிக்ஸியை ஓடவிட்டால் ஒரு சத்தம் வருமே, அதுதான். வண்டி நின்றாலும் ஊர்ந்தாலும் பறந்தாலும் அதே சுருதி. வண்ணார்பேட்டையில் எங்கள் தெருக்காரர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பதுகூட இல்லை. கிங்ஸ்லி வந்துவிட்டான் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வார்கள்.

இதைக் குறையாகச் சொன்னால் அவன் பெருமையாக எடுத்துக்கொள்வான். அவன் உவரிக்காரன். கடலிலிருந்து திரும்பும் படகு கண்ணில் படும் முன்பே, என்ஜின் சத்தத்தை வைத்து அது இன்னாருடையது என்று அவன் ஊர்ப் பெண்கள் சொல்லிவிடுவார்களாம். அவன் அம்மா கிரேஸி அத்தை, மாமாவின் படகுச் சத்தம் காதில் விழுந்த பிறகுதான் உலையில் அரிசி போடுவார்களாம்.

"சத்தமில்லாம வீட்டுக்கு வாரவன் களவாணிப்பய. நல்லவன் சத்தத்தோடதான் வருவான்" என்பான்.

காதலித்த காலத்தில் இது எனக்கு அழகாகத் தெரிந்தது. கல்யாணத்துக்குப் பிறகு காது வலிக்கிறது.

கார் பழைய கார். கல்யாணத்துக்கு முன்பே வாங்கி, வேகம் கூட்ட என்ஜினில் ஒரு டர்போவை மாட்டி வைத்திருந்தான். பாளையங்கோட்டையில் படகு என்ஜின் விற்கும் கம்பெனியில் வேலை பார்ப்பவனுக்கு, சும்மா ஓடுகிற என்ஜினைப் பார்த்தால் கை அரிக்கும் போலிருக்கிறது. டர்போவுக்கு அதிகப் பெட்ரோல் வேண்டும், அதனால் பெரிய பம்ப் போட்டான். அதுவரை எனக்குப் புரிகிறது. ஜங்ஷன் சிக்னலில் சிவப்பு விளக்குக்காக நிற்கும்போதும் அந்த பம்ப் ஏன் முழு வேகத்தில் ஓட வேண்டும் என்பதுதான் புரியவில்லை.

நான் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவள். முதல் வருஷப் பிள்ளைகளுக்குச் சொல்வதைப் போலப் பொறுமையாகச் சொன்னேன். நிற்கும்போது உன் என்ஜின் ஒரு டம்ளர் குடிக்கிறது, நீ ஒரு குடம் ஊற்றுகிறாய். மீதியெல்லாம் திரும்ப டேங்குக்கே போகிறது, மறுபடி மேலே வருகிறது. இப்படிச் சுற்றிச் சுற்றியே பெட்ரோல் சூடாகிறது. அதனால்தான் வெயிலில் நின்ற வண்டி மத்தியானம் ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்கிறது. பம்ப் வேகத்தைக் குறைத்து வை, தேவைப்படும்போது மட்டும் கூட்டிக்கொள். அதற்கென்று கருவி இருக்கிறது.

எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டான். பிறகு அவன் அண்ணன் கபிரியேலின் கதையை ஆரம்பித்தான். நடுக்கடலில் எண்ணெய்க் குழாய் அடைத்து, என்ஜின் திணறி நின்று, பகல் முழுக்கப் படகு அலைந்த கதை. எனக்கு அது மனப்பாடம்.

"கடல்ல எண்ணெயக் குறைக்கவன் கரைக்கு வர மாட்டான், வித்யா."

வண்ணார்பேட்டையில் கடல் இல்லை என்றேன். டர்போ வேகம் எடுக்கும் நேரத்தில் பெட்ரோல் பற்றாமல் போனால் பிஸ்டன் உருகிவிடும் என்றான். அதுவும் உண்மைதான். ஆனால் வண்ணார்பேட்டையில் வேகம் எடுக்கவும் இடம் இல்லை.

காது வலியை நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாதது ஞாயிற்றுக்கிழமைதான்.

ஞாயிறுதோறும் நாங்கள் கல்லிடைக்குறிச்சிக்கு என் பெற்றோர் வீட்டுக்குப் போகிறோம். என் அப்பா ஸ்வாமிநாதன் மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் கிங்ஸ்லியைக் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று சொன்ன அன்று, தெரு முழுக்கக் கேட்கும்படி, அவன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பதிவுத் திருமணத்துக்கு அம்மா மட்டும் வந்தாள். மகள் வரலாம், மாப்பிள்ளையும் வரலாம், சாப்பிடலாம், ஆனால் அப்பா இருக்க மாட்டார். இதுதான் எழுதப்படாத ஏற்பாடு.

அப்பா வீட்டுத் தெரு நீளம். தெருமுனையில் கார் திரும்பியதும் பம்ப் சத்தம் கடைசி வீடுவரை கேட்கும். நாங்கள் வாசலில் இறங்கும்போது உள்ளே மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும், பேப்பர் விரித்தபடி கிடக்கும், டம்ளரில் பாதிக் காபி ஆவி பறக்கும். மனிதர் மட்டும் இருக்க மாட்டார். அப்பா இப்பத்தான் ஆற்றுக்குப் போனார் என்று அம்மா சொல்வாள். வாரா வாரம் அதே காபி, அதே பாதி.

முதல் கோடையில் ஒரு தடவை காரை வெயிலில் நிறுத்திவிட்டோம். கிளம்பும் நேரத்தில் ஸ்டார்ட் ஆகவில்லை. கிங்ஸ்லி ஈரச்சாக்கை டேங்கின் மேல் போட்டுப் போட்டு எடுத்தான். வெயில் தாழ்ந்த பிறகுதான் வண்டி உயிர் பெற்றது. அதுவரை அப்பா பட்டினியாக ஆற்றங்கரையிலேயே உட்கார்ந்திருந்தாராம். நல்ல வேளையாக அதன் பிறகு எங்களுக்கு எப்போதும் வாசல் புங்கமரத்தடியில் நிழல் கிடைத்தது. இல்லாவிட்டால் என் அப்பா இளைத்தே போயிருப்பார்.

இப்போது எனக்கு ஏழாவது மாதம். அம்மா வளைகாப்புக்கு நாள் பார்த்துவிட்டாள். வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்கு அங்கேயே இருக்க வேண்டும், அதுதான் வழக்கம். நான் அம்மாவிடம் தெளிவாகச் சொன்னேன். என் புருஷன் வந்தால் அப்பா எழுந்து போகிற வீட்டில் நான் பிள்ளை பெற மாட்டேன். பிள்ளையைப் பார்க்க அவன் வரும்போதெல்லாம் தாத்தா ஆற்றுக்கு ஓடுவாரா? ஒரே ஒரு வேளை, இரண்டு பேரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இல்லையென்றால் வளைகாப்பும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

அம்மா அழுதாள். நான் அழவில்லை. வீட்டுக்கு வந்து கிங்ஸ்லியிடம் திட்டத்தைச் சொன்னேன். பம்ப்பின் வேகத்தைக் குறைக்க வேண்டும். சத்தமில்லாமல் போய் இறங்க வேண்டும். அப்பா காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் நாம் வாசலில் நிற்க வேண்டும்.

"ஒரு பெரிய மனுஷன அவர் வீட்டுலயே வலை போட்டுப் பிடிக்கச் சொல்லுதியா?"

"ஆமா, வலைதான். உங்க ஊர்ல கத்துக்கிட்டது."

அவன் என் வயிற்றைப் பார்த்தான். பிறகு சரி என்றான். ஒரே நிபந்தனை, பழையபடி முழு வேகத்துக்குக் கொண்டுபோக ஸ்டியரிங் பக்கத்தில் தனியாக ஒரு சுவிட்ச் வேண்டும். ஆபத்துக்கு. அண்ணன் கபிரியேலுக்காக என்று வைத்துக்கொள் என்றான்.

வேலையை ஏற்றுக்கொண்டவர் பைபாஸ் ஓரம் பட்டறை வைத்திருக்கும் சங்கிலிபூதத்தான். கருவி என்பது சோப்புப் பெட்டி அளவு கறுப்புப் பெட்டி, கொஞ்சம் ஒயர். அதைப் பொருத்த அவர் எடுத்துக்கொண்ட காலத்தில் ஒரு வீடு கட்டியிருக்கலாம். எப்போது கேட்டாலும் நாளைக்கு மதினி என்பார். நாளைக்குப் போனால் டீ குடிக்கப் போயிருப்பார். ஒரு நாள் நான் பட்டறையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஏழு மாத வயிற்றோடு ஒரு பெண் எதிரே உட்கார்ந்திருந்தால் எந்த மெக்கானிக்கும் டீ குடிக்கப் போக முடியாது.

மாட்டிய முதல் நாள் சுலோச்சனா முதலியார் பாலத்தின் நடுவில் கார் விக்கி விக்கி நின்றது. பின்னால் டவுண் பஸ்கள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. குறைந்த வேகத்தை ரொம்பவும் குறைத்து வைத்துவிட்டாராம். கிங்ஸ்லி என்னைத் திரும்பிப் பார்த்தான். கபிரியேல் என்ற பெயரைச் சொன்னால் பாலத்திலிருந்து இறங்கி நடந்தே போய்விடுவேன் என்று சொன்னேன். அவன் சொல்லவில்லை. முகத்தில் வைத்துக்கொண்டான்.

மறுபடி பட்டறை, மறுபடி நாற்காலி. இந்த முறை சங்கிலிபூதத்தான் பெட்ரோல் அழுத்தம் காட்டும் மீட்டரை மாட்டிப் பார்த்துப் பார்த்துத் திருகினார். வண்டி நிற்கும்போதும் ஊரும்போதும் பம்ப் பைய ஓடும், டர்போ மூச்சுப் பிடிக்க ஆரம்பித்த உடனே முழு வேகத்துக்குப் போய்விடும். நாங்குநேரிவரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தோம். நெடுஞ்சாலையில் மிதித்த இடத்தில் 'ஙீ' என்றது, ஊருக்குள் வேகம் குறைத்ததும் அடங்கிவிட்டது. எனக்குக் கண்ணில் நீர் வந்தது. அவ்வளவு அமைதி. கிங்ஸ்லிக்கு மட்டும் முகம் தொங்கிப்போயிருந்தது. நம்ம வண்டி மாதிரியே இல்ல, டாக்ஸியில போற மாதிரி இருக்கு என்றான்.

அந்த ஞாயிறு கிளம்பினோம். வீரவநல்லூரில், அப்பாவைப் பார்த்ததும் என்ன சொல்ல வேண்டும் என்று கிங்ஸ்லியிடம் ஒத்திகை பார்த்தேன். வணக்கம் மாமா என்று ஆரம்பி, அப்புறம் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். சரி சரி என்றான். அவன் கவனமெல்லாம் பம்ப்பின் மேலேயே இருந்தது. சத்தம் இல்லாததால் அது ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை என்று வழி நெடுகப் புலம்பிக்கொண்டு வந்தான்.

தெருமுனையில் திரும்பினோம். ஒரு தலைகூட நிமிரவில்லை. கார் மெல்ல ஊர்ந்தது. எங்கள் வாசலை நெருங்கியபோதுதான் பார்த்தேன். புங்கமரத்தடியில் இடமே இல்லை. அப்பாவின் ஸ்கூட்டர் நடு நிழலில் நிற்கிறது. பக்கத்தில் அப்பளக் கட்டு ஏற்ற வந்த லோடு ஆட்டோ ஒன்று, என்ஜின் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்க, மீதி நிழலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அந்த ஆட்டோக்காரரிடம், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி பேசிக்கொண்டிருப்பது அப்பா.

கிங்ஸ்லி அவருக்குப் பின்னால் காரை நிறுத்தினான். தடதடப்பில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை. நான் கண்ணாடியை இறக்கினேன்.

"நேரமாயிடுத்துப்பா. வண்டியை எடுத்து அந்தப் பக்கம் போட்டுக்கோ" என்றார் அப்பா.

"இன்னும் சத்தமே கேக்கலியே சாமி. கேட்டதும் எடுத்திருதேன். வாராவாரம் எடுக்கேன்லா?"

"இன்னிக்கு என்னமோ கேக்கலை. அதான் எனக்கும் மனசு சரியில்லை. வழியில எங்கயாவது நின்னுபோச்சோ என்னமோ. நீ எடுத்துடு. மாப்பிள்ளை வண்டி வெயில்ல நின்னா திரும்பக் கிளம்பாது."

ஆட்டோக்காரர் அவர் தோளுக்கு மேலாக எங்களைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"மாப்பிள்ள வண்டி ஒங்க முதுகுக்குப் பின்னாலதான் நிக்கி சாமி."

அப்பா திரும்பினார். நான் அந்த முகத்துக்காக எத்தனையோ வசனம் தயாரித்து வைத்திருந்தேன். எல்லாம் போன இடம் தெரியவில்லை. கிங்ஸ்லி காரை விட்டு இறங்கி வேட்டியில்லாத இடுப்பில் வேட்டியைச் சரிசெய்வதுபோல் பேன்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றான். வணக்கம் சொல்லவில்லை. அப்பா ஆற்றின் பக்கம் ஒரு தடவை பார்த்தார். அந்தப் பக்கத்தை லோடு ஆட்டோ அடைத்திருந்தது.

கடைசியில், என் கணவனுடைய முகத்தைப் பார்த்து என் அப்பா பேசிய முதல் வார்த்தைகள் இவை:

"சத்தமே காணோமே. பம்ப் போயிடுத்தா?"

"போகல மாமா. வேகத்தக் குறைச்சு வச்சிருக்கு. இவதான் குறைக்கச் சொன்னா."

இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். தப்புச் செய்தவளைப் பார்ப்பதுபோல.

நான் காரிலிருந்து இறங்கினேன். அப்பாவிடம் நேராகவே கேட்டேன். இடம் ஒதுக்கி வைக்கத் தெரிந்தவருக்கு இருக்கத் தெரியாதா, ஏன் ஒவ்வொரு வாரமும் ஓடினீர்கள் என்று. அவர் ஸ்கூட்டர் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"வண்டிக்கு இடம் விடறது சுலபம்டி. தெருவே கேக்கச் சொன்ன வார்த்தையை எந்த வழியா வீட்டுக்குள்ள கொண்டுபோறதுன்னு எனக்குத் தெரியலை."

அவரை விட்டுவிட்டேன். அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். அவள் வாசல்படியில் கரண்டியோடு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா நிழல் பிடித்து வைத்தது உனக்குத் தெரியுமா என்றேன். தெரியும் என்றாள். பின்னே ஏன் சொல்லவில்லை? நீ கேட்கலையே என்றாள். அந்த வீட்டில் நான் எப்படிப் பைத்தியம் பிடிக்காமல் வளர்ந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

சரி, பிடித்துவிட்டோம், இனி உள்ளே போய்ச் சாப்பிடலாம் என்று திரும்பினால் இருவரையும் காணோம். காரின் மறுபக்கத்தில் குனிந்து நிற்கிறார்கள். கிங்ஸ்லி பின்சீட்டைத் தூக்கிக் காட்டுகிறான், அப்பா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி எட்டிப் பார்க்கிறார். எத்தனை வோல்ட் குறைகிறது என்று கேட்டார். கிங்ஸ்லி சொன்னான். டர்போ வேகம் எடுக்கும்போது யார் அதற்குச் சொல்வது என்று கேட்டார். அதையும் சொன்னான். வாழ்க்கையெல்லாம் மோட்டார்களோடு இருந்த மனிதர் கொஞ்சம் யோசித்தார்.

"முழு வேகம் வேணுங்கறச்சே அந்தப் பொட்டி வேலை செய்யலைன்னா என்ன பண்றது? இது ஆபத்து இல்லையோ?"

கிங்ஸ்லி நிமிர்ந்து, மெதுவாக, மிக மெதுவாக என் பக்கம் திரும்பினான்.

"இதத்தான் மாமா நானும் சொன்னேன்."

பிறகு அப்பாவுக்கு அண்ணன் கபிரியேலின் கதை சொல்லப்பட்டது. அப்பா முழுதாகக் கேட்டார். நடுநடுவே அடடா என்றார். உள்ளே சாம்பார் ஆறியது. அப்பளம் நமுத்தது. அம்மா இலை போட்டுவிட்டு இரண்டு தடவை வந்து கூப்பிட்டாள். ஏழு மாதப் பசியோடு நான் மட்டும் கூடத்தில் உட்கார்ந்து, வெளியே என் அப்பாவும் என் கணவனும் என் இயற்பியலைப் பிரித்து மேய்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் வந்து உட்கார்ந்தார்கள், பக்கத்துப் பக்கத்து இலையில். அப்பாவுக்கு ரசம் போதும் என்று கை காட்டும் பழக்கம். கிங்ஸ்லிக்கும் அதே கை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

நாங்கள் கிளம்பும்போது அப்பா கார் ஜன்னலருகே வந்தார். வளைகாப்பு நாளைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என்னைத் தாண்டி கிங்ஸ்லியிடம் பேசினார். ஆபத்துக்கென்று வைத்திருக்கும் அந்த சுவிட்ச் நல்ல யோசனை. வரும்போது தெருமுனையில் ஒரு தடவை அதைப் போட்டால் தேவலை. சத்தம் கேட்டால்தானே ஆட்டோவை எடுக்கச் சொல்ல முடியும்?

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் கிங்ஸ்லி ஒரு வார்த்தையும் பேசவில்லை. களவாணிப்பய என்ற சொல்லைக்கூடச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டு மட்டும் வந்தான். அதைவிட அவன் சொல்லியே இருக்கலாம்.

வளைகாப்பன்று, நான் பட்டுப்புடவையில் மூச்சு முட்ட உட்கார்ந்திருக்க, பின்சீட்டு முழுக்க என் பிரசவகால மூட்டை முடிச்சுகளோடு கல்லிடைக்குறிச்சிக்கு வந்தோம். தெருமுனையில் கிங்ஸ்லி சுவிட்சைப் போட்டான். 'ஙீ'. நான் காதைப் பொத்திக்கொண்டேன். தெருவின் கடைசியில் ஆட்டோ ஒன்று அவசரமாக நிழலை விட்டு நகர்வது தெரிந்தது. அப்பா ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டுபோய் எதிர்ப்பக்க வெயிலில் நிறுத்தினார். நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். ஆற்றுப் பக்கம் திரும்பவில்லை. நடுத்தெருவில் வந்து நின்று இரண்டு கையையும் தூக்கி எங்களுக்கு வழிகாட்ட ஆரம்பித்தார். வரலாம், வரலாம், இன்னும் ஒடிக்கலாம், இன்னும். அவர் வழிகாட்டிய அழகில் கார் புங்கமரத்தோடு ஒட்டிப்போய் நின்றது, என் பக்கக் கதவைத் திறக்க முடியாதபடி.

கிங்ஸ்லி என்ஜினை ஓடவிட்டபடியே இறங்கி ஓடினான். மரத்தில் உரசிவிட்டதா என்று இருவரும் குனிந்து பார்த்தார்கள். அப்பா எதையோ விரலால் தடவிக் காட்டினார், கிங்ஸ்லி பரவாயில்லை மாமா என்பதுபோல் தலையாட்டினான். நான் இறங்க வேண்டும் என்று சொன்னேன். மறுபடி சொன்னேன். பம்ப் போட்ட கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

நானே எட்டி அந்த சுவிட்சை அணைத்தேன்.

தெரு திடீரென்று அமைதியானது. இருவரும் திடுக்கிட்டு ஒரே நேரத்தில் நிமிர்ந்து, வண்டிக்கு என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்டார்கள்.